செவிலியருக்கு ஓய்வு என்பது உரிமை

மே 12 செவிலியர் தினம் வந்தால் தேவதைகள் என்று வாழ்த்துகிறோம். இப்போது அதோடு அறிவுரையும் சேர்ந்துகொண்டது. மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள், உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தூங்குவதற்கு நேரம் யார் கொடுப்பது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை.

இந்தக் கேள்வியில் சாதியும் இருக்கிறது. பிள்ளைப்பேற்றின் ரத்தமும் நோயாளியின் மலமும் சாதியச் சமூகத்துக்குத் தீட்டு. அதனால்தான் கிராமங்களில் பேறு பார்க்கும் வேலை நாவிதர் சமூகப் பெண்கள், தலித் பெண்கள் தலையில் விழுந்தது. மருத்துவமனைகள் வந்த பிறகும் நோயாளியைத் தொட்டுத் துடைக்கும் வேலையை ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் இழிவாகவே பார்த்தன. மிஷன் மருத்துவமனைகள் வழியாகக் கிறித்தவப் பெண்கள் பெருமளவில் இந்தப் படிப்புக்கு வந்தார்கள். இழிவென்று பார்க்கப்படும் உழைப்புக்குக் கூலியும் குறைவு, ஓய்வும் குறைவு.

1946இல் அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தை அவர் கொண்டுவந்தார். ஓய்வு சட்டப்படியான உரிமை ஆனது. ஆனால் அது ஆலைகளுக்கான சட்டம், மருத்துவமனை வார்டுக்குள் வரவில்லை. அதே 1946இல் சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு, நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியர்களே இருப்பதாக, அதாவது 43,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது.

அதன்பின் குழுக்களுக்குக் குறைவில்லை. 1954இல் செவிலியர் பணிநிலையை ஆராய்ந்த குழுவுக்குச் சென்னை மாநிலச் சுகாதார அமைச்சர் ஏ.பி. ஷெட்டி தலைவர். 1987இல் அமைந்த உயர்மட்டக் குழுவுக்குத் தலைவர் நம் சரோஜினி வரதப்பன். வாரம் 40 மணி நேர வேலை, இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக இல்லாத ஷிப்டு, கூடுதல் நேரத்துக்கு ஈடு என்று 1989இலேயே அந்தக் குழு பரிந்துரைத்தது. செவிலியர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1977ஆம் ஆண்டு உடன்படிக்கையையோ இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.

2015இல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. ஆனால் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது.

ராயகிரி போன்ற ஊர்களில் கடன் வாங்கி மகளை நர்சிங் படிக்க வைக்கும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் அந்தப் பெண் காய்ச்சலென்று ஒருநாள் லீவு கேட்கவே யோசிப்பாள். அவளிடம் போய் யோகா செய் என்பது, அரசும் நிர்வாகமும் சுமக்க வேண்டியதை அவள் தோளில் ஏற்றுவதுதான்.

மூச்சுப்பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நிரந்தரப் பணி, போதிய ஆட்கள், வார விடுப்பு, இரவுப் பணி முடிந்தபின் முழு ஓய்வு. முதலில் இவற்றைக் கொடுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள அவளுக்குத் தெரியும்.