தண்டனையின் கடுமையும் குற்றத்தின் வேரும்

வடசென்னைக் காசிமேட்டில் ‘குண்டாஸ்’ என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. 1982ஆம் ஆண்டின் 14ஆம் தமிழ்நாட்டுச் சட்டம், குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே ஒருவரை 12 மாதம் வரை காவலில் வைக்க இடமளிக்கிறது. அதன் பட்டியலில் முதலிடம் பெற்றோர் கள்ளச்சாராய வணிகர். 2004இல் திருட்டு வீடியோவும், 2014இல் பாலியல், இணையக் குற்றங்களும் சேர்க்கப்பட்டன. ஆயினும் 2024இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அச்சம் மட்டுமே குற்றத்தைத் தடுக்கும் எனில், 42 ஆண்டுகள் போதாவா?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா ஒரு வழக்கைப் பதிவு செய்கிறது. ஹாத்திப் (ரலி) அவர்களின் அடிமைகள் பிறரது ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டனர். கை வெட்ட ஆணையிட்ட கலீபா உமர் (ரலி) அவர்கள், எசமானர் அவர்களைப் பட்டினியிட்டதாகக் கருதி, தண்டச் சுமையை அவர்மீது மாற்றினார்கள். 400 திர்ஹத்துக்கும் விற்க மறுக்கப்பட்ட ஒட்டகத்துக்கு 800 திர்ஹம் ஈடு தரச் செய்தார்கள்.

ஆட்சியின் மிகைக் கடுமை மக்களைப் பொய்க்கும் சூழ்ச்சிக்கும் பழக்கும் என்று 1377இல் எழுதிய முகத்திமாவில் இப்னு கல்தூன் எச்சரித்தார்.

தண்டனை வேண்டாம் என்பதன்று நம் வாதம். காவல் முடிந்து காசிமேட்டுக்குத் திரும்பும் இளைஞனுக்கு வேலை தருவோர் யார்? உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு இவ்வினாவை அவனிடமன்று, நம்மிடமே எழுப்புகிறது.