பழைய குறுந்தட்டுக்கு இரண்டு பூட்டு

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளி அலமாரியில் பழைய குறுந்தட்டுகள் கிடக்கின்றனவா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை தமிழ்க் கணிமையின் வரலாறு.

1990களில் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழி, நம்மில் பலர் கணினியில் தமிழ் தட்டச்சு செய்யத் தொடங்கினோம். அன்று எல்லாருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு இல்லை. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. 1999 சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் வந்தன. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தபோதும் ஒருங்குறி பரவலாகவில்லை. அக்காலத்துப் பயிற்சித்தாள்கள் 1.44 மெகாபைட் நெகிழ்வட்டிலும் 700 மெகாபைட் குறுந்தட்டிலும் தங்கின.

அதனால் இன்று அவற்றுக்கு இரண்டு பூட்டு.

முதல் பூட்டு, தட்டு. டிரைவ் படிக்கலேன்னா, முதலில் வேறொரு தட்டைப் போட்டுப் பாருங்க. அதுவும் ஓடலேன்னா கோளாறு டிரைவில். பெரும்பாலும் லென்ஸ் தூசியோ தேய்மானமோதான். மற்றது ஓடினால், பழைய தட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்க. வட்டமாகத் தேய்த்தால், கீறல் தகவல் தடத்தின் போக்கிலேயே விழும். பெயர் எழுதும் பக்கத்தையும் கீறாதீங்க. தகவல் அடுக்கு அதற்குச் சற்றுக் கீழேதான். எழுத மறுக்குதா? சிடி-ஆர் தட்டில் பதிந்ததை அழித்து எழுத முடியாது, அது கோளாறல்ல.

இரண்டாம் பூட்டு, எழுத்து. கோப்பு திறந்தும் கிறுக்கலாகத் தெரிந்தால், அது கெட்டதாக நினைக்காதீங்க. எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, ஒருங்குறிக்கு மாற்றுங்க. மூலத்தையும் வைத்திருங்க.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிரைவே இல்லை. பள்ளிக்கு ஒரு யுஎஸ்பி டிரைவ் போதும். பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும், தட்டு படிக்கும்போதே படியெடுத்துவிடுங்க.