சூலூரில் மூண்ட தீ

கோவையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், சூலூரைக் கடந்து காங்கயம்பாளையத்தை நெருங்கும்போது, பேருந்தில் உரையாடிக்கொண்டிருப்போர் சற்றே பேச்சை நிறுத்தவேண்டி வருவதுண்டு. தலைக்கு மேலே போர் வானூர்தி ஒன்று முழங்கிச் செல்லும். முழக்கம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். அந்த நீண்ட மதிலுக்கு அப்பால் உள்ள தளம் 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் இரவில் எரிந்தது என்பதும், எரித்தவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர்களும் ஆலைத் தொழிலாளருமே என்பதும் நம்மில் எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது? அந்தத் தீ ஓர் இரவில் மூண்டதன்று. அதற்கான விறகு நூற்றாண்டுக்கும் மேலாக அடுக்கப்பட்டு வந்தது. அதை அடுக்கியவர்கள் ஆட்சியாளர்களே என்பதுதான் நாம் இங்கே எண்ணிப் பார்க்க விழைவது.

அயலார் வருகை கொங்கு நாட்டுக்குப் புதியதன்று. சூலூருக்கு அண்மையிலுள்ள வெள்ளலூரில் உரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்துள்ளன. அந்த வணிகர்கள் கொடுத்தார்கள், வாங்கினார்கள், சென்றார்கள். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் வந்த கும்பெனியாரோ செல்வதற்காக வரவில்லை. 1800இல் கோவைக் கோட்டையைத் தாக்க முனைந்த பாளையக்காரர் கூட்டணியின் முயற்சி முறியடிக்கப்பட்டது. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். 1805இல் தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலேற்றப்பட்டார். அதன்பின் வாளுக்கு வேலை குறைந்தது. நில அளவைச் சங்கிலிக்கு வேலை மிகுந்தது.

வயல் ஒவ்வொன்றும் அளக்கப்பட்டது. எண் இடப்பட்டது. இரயத்துவாரி முறையில் உழவர் ஒவ்வொருவரும் அரசுக்கு நேரடியாகப் பணத்தில் தீர்வை கட்டவேண்டியவரானார். இடைத்தரகர் ஒழிந்தார் என்று இம்முறையைப் போற்றுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் நொய்யல் கரையை விட்டுச் சற்று விலகினால் வானம் பார்த்த பூமியாகிய இந்நாட்டில், கவலை இறைத்து வயிறு கழுவிய குடியானவருக்கு மழை பொய்த்த ஆண்டிலும் தீர்வை பொய்க்கவில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சம் கோவை மாவட்டத்தையும் உலுக்கிற்று.

வெள்ளையர் குடியேறி வாழ்ந்த இடம் எது என்று கேட்டால், சமவெளியை விட்டு மலையை நோக்கவேண்டும். கோவை ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றார். அதன் குளிர் அவரைக் கவர்ந்தது. தோடரிடமிருந்து ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் நிலம் பெற்று உதகையில் கல்வீடு கட்டினார். (பிற்காலத்தில் தோடரின் நில உரிமைக்காக வாதாடியவரும் இதே சல்லிவன்தான், மனிதர்களை ஒரே வண்ணத்தில் தீட்டிவிட முடிவதில்லை.) 1868 வரை நீலகிரி கோவை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. நீலகிரியிலும் பின்னர் ஆனைமலையிலும் காடு அழிந்து காப்பியும் தேயிலையும் தழைத்தன. தோட்டம் துரையுடையதாயிற்று; கூலி சமவெளியிலிருந்து ஏறிச் சென்றவருடையதாயிற்று.

சமவெளியிலோ ஆட்சியின் அடையாளங்கள் இரும்பாலும் செங்கல்லாலும் எழுந்தன. 1860களின் தொடக்கத்தில் போத்தனூர் வழியே இருப்புப்பாதை வந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை கோவையில் தோன்றியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின், நம்மவர்களே நிறுவிய ஆலைகள் சிங்காநல்லூர்ப் பக்கமெல்லாம் பெருகின. மழை ஏமாற்றிய குடும்பத்தின் இளையவன் ஆலைக்குப் போனான். தன் தந்தை தனியே நின்று கணக்குப்பிள்ளையின் முன் தலைகுனிந்ததைக் கண்டவன் அவன். இப்போது ஒரே சங்கொலிக்கு ஆயிரம் பேரோடு சேர்ந்து வாயிலில் நுழைந்தான். ஒரே சங்கொலிக்கு வெளியே வந்தான். கூட்டம் என்பதன் வலிமையை அவனுக்குக் கற்பித்தது அந்த ஆலைதான். என்.ஜி. இராமசாமி போன்ற தொழிற்சங்கத் தலைவர்கள் கூலிப் போராட்டத்தையும் நாட்டு விடுதலையையும் ஒரே பேச்சில் இணைத்துப் பேசியபோது, அவனுக்கு அது விளங்கிற்று. அந்த இராமசாமி 1943இல் இளமையிலேயே மறைந்தார்.

கோவைச் சிறையில் வ.உ. சிதம்பரனார் செக்கிழுத்ததும், 1932 சனவரியில் திருப்பூரில் குமரன் கொடியோடு வீழ்ந்ததும் இம்மண்ணின் நினைவில் ஆழப் பதிந்திருந்தன. அந்நிலையில்தான் இரண்டாம் உலகப் போர் வந்தது. சூலூர்ப் பக்கத்துப் புன்செய் நிலங்களில் பிரிட்டிஷ் வான்படைக்காகத் தளம் எழுந்தது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் படித்திருக்கிறோம். அரசனுக்கு அருகிலிருந்த நிலம் தேவைப்பட்டது. உரியவனுக்கோ அது மூதாதையர் சொத்து. அங்கு பொய்ச் சாட்சி தேவைப்பட்டது. இங்கு சட்டமே கையில் இருந்தது. தங்களைக் கேளாமலே தங்கள் நாடு போரில் இழுக்கப்பட்டதைப் பிற ஊரார் செய்தித்தாளில் படித்தனர். கண்ணம்பாளையத்தாரும் சூலூராரும் அதைத் தம் வரப்பிலேயே கண்டனர்.

1942 ஆகஸ்ட் 9ஆம் நாள் காந்தியடிகள் கைதானார். ஆகஸ்ட் 13இல் சிங்காநல்லூருக்கு அருகே போர்த் தளவாடம் ஏற்றிச் சென்ற இரயில் கவிழ்க்கப்பட்டது. ஆகஸ்ட் 26இல் சூலூர்த் தளத்தின் கொட்டகைகளும் சரக்குந்துகளும் தீக்கு இரையாயின. இருப்புப்பாதையும் வானூர்தித் தளமும் ஆட்சியின் கைகளாகவும் கால்களாகவும் இருந்தன. அவற்றின் அருகே வாழ்ந்தும் உழைத்தும் பழகியவர்களுக்கு அவற்றின் மூட்டு எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. அடக்குமுறை உடனே வந்தது. சிற்றூர்களுக்குள் காவல் படை புகுந்தது. கூட்டுத் தண்டம் விதிக்கப்பட்டது. குற்றம் செய்தாரும் செய்யாரும் சேர்ந்து கட்டவேண்டிய பணம் அது. கோவைப் போராளிகள் பலர் பெல்லாரியை அடுத்த அலிப்புரம் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆண்கள் இல்லாத வீடுகளில் ஏரும் கவலையும் பெண்களின் பொறுப்பாயின. விடுதலை வரலாற்று நூல்களில் அப்பெண்களின் பெயர்களை நாம் அரிதாகவே காண்கிறோம்.

தீயிட்டது அடிகளாரின் நெறிக்கு ஒத்ததா என்ற வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழும். ஒத்ததன்று என்றே நாம் கருதுகிறோம். ஆனால் தலைவர்கள் அனைவரையும் ஒரே நாளில் சிறைக்குள் அடைத்துவிட்டு, மக்கள் நெறி பிறழ்ந்தனர் என்று ஆட்சியாளர் குறைகூறியதை நம்மால் ஏற்க இயலவில்லை.

இனி, நம் வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்க்கவேண்டும். சூலூர் வட்டத்திலேயே இருக்கிறது செபமாலை அன்னையின் கருமத்தம்பட்டி. 1846இல் அங்கே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த மரியோன் தெ பிரெசிலாக். இம்மண்ணின் மைந்தர்களே குருக்களாகவும் ஆயர்களாகவும் இத்திருச்சபையை நடத்தவேண்டும் என்பது அவரது தணியாத வேட்கை. கருத்து வேறுபாடுகளின் நடுவே 1855இல் பணி துறந்து சென்றார். பின்னர் லியோனில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையை நிறுவி, 1859இல் ஃப்ரீடவுனில் நோய்க்கு இரையானார். 1919இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் தம் மடலில், மறைபணியாளர் தம் தாய்நாட்டின் நலனுக்காக உழைப்பதைக் கடிந்து, உள்நாட்டுக் குருகுலத்தை வலியுறுத்தினார். பிரெசிலாக் கருமத்தம்பட்டியில் கண்ட கனவுக்கும் அம்மடலுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. கோவைக்கு இந்தியரான ஆயர் உபகாரசாமி வந்தது 1940இல். சூலூரில் வானூர்தித் தளம் எழுந்துகொண்டிருந்த காலம் அது.

பிரெஞ்சுக் குருக்கள் ஆங்கிலேயர் அல்லர். அவர்களுள் ஏழையோடு ஏழையாய் வாழ்ந்து இம்மண்ணிலேயே மடிந்தோர் பலர். ஆயினும் நம் மக்கள் கண்ணுக்குச் சாமியாரும் வெள்ளை, கலெக்டரும் வெள்ளை. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதலைப் பற்றிக் கேட்ட அளவுக்கு நீதியைப் பற்றி நம் முன்னோர் மறையுரைகளில் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே. கிறித்தவரான ஜே.சி. குமரப்பா 1942 போராட்டத்தில் சிறை ஏகினார். அவர் நம் சபையினர் அல்லர். திருச்சபைத் தலைமை பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. சூலூரில் தீ எரிந்த இரவில் நாம் கரையோரத்தில் நின்றவர்கள் என்பதைச் சொல்லிக்கொள்ள நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

விடுதலைக்குப்பின் அத்தளம் நம் நாட்டுப் படைகளின் கைக்கு வந்தது. கடற்படையின் வானூர்திப் பிரிவு இங்கே இயங்கியது. 1510 முதல் போர்த்துக்கீசியர் பிடியிலிருந்த கோவா 1961இல் விடுவிக்கப்பட்டபின், 1964இல் அப்பிரிவு கோவாவிலுள்ள தபோலிமுக்கு மாறிற்று. 2018 முதல் நம் நாட்டிலேயே வடிவமைத்த தேஜஸ் வானூர்திகள் சூலூரிலிருந்து எழுகின்றன. கண்ணம்பாளையத்துத் தோட்டங்களில் நிற்போரும் அவற்றை அண்ணாந்து பார்க்கிறார்கள். மதிலுக்கு உள்ளே போன புன்செய் மட்டும் எந்த ஆட்சியிலும் ஏருக்குத் திரும்பவில்லை.