மக்ரூனும் கப்பலும்

தூத்துக்குடிக்குப் போனால் நான் முதலில் தேடுவது மக்ரூன் கடையைத்தான். வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரிப் பருப்பும் கூடிய அந்தச் சிறு கூம்பு, வாயிலிட்டதும் கரைந்துவிடும். முந்திரி நம் நாட்டுச் சரக்கல்ல; பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. முத்தை நாடி வந்த அவர்களிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர் ஊரைப் பறித்தனர். பிறகு ஆங்கிலேயர் வந்தனர். அவர்களுக்குப் போட்டியாக 1906-இல் இங்கேதான் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் அவர் சிறை சென்றார். கம்பெனியும் பின்னர் கலைந்தது. துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்ட நமக்கு 2011 வரை ஆயிற்று!

கையில் பொட்டலத்துடன் கடற்கரையில் நின்றேன். அந்நியன் கொணர்ந்த பருப்பு நிலைத்துவிட்டது. நம்மவர் விட்ட கப்பல் எங்கே? ஊர் பார்க்க வருகிறவர்கள் மக்ரூனோடு இந்தக் கதையையும் கேட்டுப் போகட்டும்; கொஞ்சம் உப்புக் கரித்தாலும் பாதகமில்லை.