ஏதேனின் ஆறுகளும் எல்லை தாண்டும் புழுதியும்

விவிலியத்தின் தொடக்க நூல் ஏதேன் தோட்டத்தைப் பற்றிப் பேசுகையில் நான்கு ஆறுகளைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. அவற்றுள் டைகிரிஸ், யூப்ரடீஸ் என்னும் இரண்டையும் இன்றும் நிலப்படத்தில் காண்கிறோம். துருக்கியின் மலைகளில் பிறந்து, ஈராக்கின் சமவெளியை வளப்படுத்தி, பாரசீக வளைகுடாவை அடையும் ஆறுகள் இவை. அந்தச் சமவெளியிலிருந்தே இன்று புழுதிப்புயல் எழுந்து ஈரானையும் குவைத்தையும் மூடுகின்றது. 2022 மே மாதம் 5ஆம் நாள் வீசிய புயலின்போது, ஈராக்கில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறலால் மருத்துவமனைகளை நாடினர். பிழைப்பிற்காகக் குவைத் சென்ற நம் மக்களும் இப்புழுதியையே சுவாசிக்கின்றனர்.

அந்நிலத்திற்குக் காற்று புதிதன்று. வடமேற்கிலிருந்து வீசும் 'ஷமால்' காற்றை அம்மக்கள் பன்னெடுங்காலமாக அறிவர். ஆனால் ஈரமுள்ள மண்ணையும், நாணல் வேர் பற்றியிருக்கும் வண்டலையும் காற்று எளிதில் தூக்குவதில்லை. நீர் வற்றி, செடிகொடிகள் மடிந்த பின்னரே அந்த நுண்மண் பறக்கத் தொடங்குகின்றது. எனவே, நீர் எவ்வாறு வற்றியது என்பதே வரலாறு விடை கூறவேண்டிய கேள்வி.

1970களில் துருக்கியும் சிரியாவும் யூப்ரடீஸின் குறுக்கே பேரணைகள் எழுப்பின. 1975இல் ஈராக்கும் சிரியாவும் நீருக்காகப் போரின் விளிம்புவரை சென்றன. 1990 ஜனவரியில், அத்தாதுர்க் அணையை நிரப்புவதற்காகத் துருக்கி ஏறத்தாழ ஒரு மாதம் ஆற்றைத் தடுத்து நிறுத்தியது. எனினும் மேலேயுள்ளோரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. 1991ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், தன்னை எதிர்த்தோர் தஞ்சமடைந்த தென்பகுதிச் சதுப்புநிலங்களை சதாம் உசேனின் அரசு கால்வாய் வெட்டியும் கரை எழுப்பியும் வற்றச் செய்தது. நாணற்குடில்களில் வாழ்ந்த பல்லாயிரவர் ஏதிலிகளாயினர். சதுப்பில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிட்டதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2001இல் அறிவித்தது.

ஈரானும் இதில் குற்றமற்றதன்று. அவாஸ் நகரத்தார் புழுதியில் தவித்தபோது ஈராக்கின்மீதே பழி சுமத்தப்பட்டது. ஆனால் அந்நகரை அடுத்து வற்றிப்போன ஈரநிலங்களும் புழுதியைக் கிளப்பின. அணைகளும் எண்ணெய் அகழ்வும் ஈரானின் பக்கத்துச் சதுப்பையும் சுருக்கியிருந்தன. இவற்றோடு வறட்சியும் ஏறிவரும் வெப்பமும் சேர்ந்துகொண்டன. துருக்கி, சிரியா, ஈராக் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பிணைக்கும் நீர்ப்பங்கீட்டு உடன்படிக்கை இன்றளவும் இல்லை.

தம்பியைக் குறித்துக் கேட்கப்பட்டபோது தனக்குப் பொறுப்பில்லை என்று மறுமொழி கூறியவன் காயின். நீரைத் தனக்கென நிறுத்திக்கொண்டு, புழுதிக்குப் பிறரைப் பழிக்கும் நாடுகளின் பேச்சிலும் அம்மறுமொழியே ஒலிக்கின்றது. தோட்டத்தைப் பயிரிடுவதோடு பேணிக்காப்பதும் மனிதனின் கடமையென்று இறைவன் வகுத்தார். மண் படும் துன்பமும் எளியோர் படும் துன்பமும் பிரிக்கவொண்ணாதவை என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சீ' சுற்றுமடல் நமக்கு உணர்த்திற்று.

2003இல் அரசு கவிழ்ந்ததும் சதுப்புநில மக்கள் அக்கரைகளைத் தம் கைகளாலேயே உடைத்தனர். நீர் பாய்ந்த இடங்களில் சில ஆண்டுகளிலேயே நாணல் மீண்டும் தழைத்தது, பறவைகளும் திரும்பின. பின்வந்த வறட்சிகள் அந்த மீட்சியைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆயினும் அம்மண் இன்னும் சாகவில்லை. அதற்குரிய நீரை விட்டுக்கொடுக்க மனிதர் இசைவரா என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.