எம்.எம்.ஏ. வீரர்: ஒரு தொழில்வாழ்க்கை

எம்.எம்.ஏ. வீரர் என்பவர் குத்து, உதை, மல்லுப்பிடி, தரையில் போட்டுப் பூட்டுதல் ஆகிய அனைத்தையும் ஒரே ஆட்டத்தில் அனுமதிக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் ஊதியத்துக்குச் சண்டையிடுபவர். பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு இரண்டு சண்டை, மிஞ்சினால் மூன்று. சுற்றுக்கு ஐந்து நிமிடம் என மூன்று சுற்றுகள், இடையில் ஒரு நிமிட ஓய்வு. பட்டச் சண்டைக்கு ஐந்து சுற்று. எல்லாவற்றையும் கடைசி மணி வரை ஆடித் தீர்த்தாலும் ஆண்டுக்கு முக்கால் மணி நேரம்தான் ஆடுகளமான கூண்டுக்குள் கழியும். மற்ற நாட்கள் பயிற்சி, பத்தியம், காயம் ஆறுதல், அடுத்த அழைப்புக்குக் காத்திருத்தல் என்று போகும். ஒருவர் இந்தத் தொழிலில் நிலைப்பாரா என்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான் முடிவாகிறது.

இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. (அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்) போட்டி. எடைப் பிரிவுகளே இல்லாத அந்தப் போட்டியில், பார்க்க ஒல்லியாக இருந்த பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி ஜியு-ஜிட்சு பூட்டுகளால் தன்னைவிடப் பெரிய உருவங்களைப் பணியவைத்தார். அரசியல்வாதிகள் இதைச் சேவல் சண்டையோடு ஒப்பிட்டு எதிர்த்தார்கள். பல மாநிலங்கள் தடை போட்டன. 2000-ஐ ஒட்டி நியூ ஜெர்சி மாநிலத்தில் உருவான பொது விதிகள்தான் ஆட்டத்தைக் காப்பாற்றின. கண்ணைக் குத்துதல், தலையால் மோதுதல், பிடரியில் அடித்தல், பிறப்புறுப்பில் அடித்தல் முதலியவை விலக்கப்பட்டன. விரல்கள் வெளியே தெரியும் நான்கு அவுன்ஸ் கையுறை நிலைபெற்றது. குத்துச்சண்டைக் கையுறையில் பாதியோ அதற்கும் குறைவாகவோ கனமுள்ள இந்த உறைதான், ஒரே அடியில் ஆட்டம் முடிவது இங்கே அடிக்கடி நடப்பதற்கு ஒரு காரணம்.

தாய்க் கலை

எல்லாம் கலந்த ஆட்டம் என்றாலும், எல்லாவற்றையும் சம அளவில் கற்று வருபவர் அரிது. ஏதோ ஒரு கலையில் ஊறியவர், மற்றவற்றை அதன் மேல் ஏற்றிக்கொள்கிறார். இந்திய வீராங்கனை ரிது போகத் மல்யுத்தத்திலிருந்து வந்தவர். உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர் வூஷூவில் தேசியப் பட்டங்கள் வென்றவர். உத்தராகண்டின் அன்ஷுல் ஜூப்லியின் கதை வேறு. ராணுவ அதிகாரித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர், யூடியூப் காணொளிகளைப் பார்த்து இந்த ஆட்டத்துக்குள் நுழைந்தார்.

மல்யுத்தக்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு. சண்டை நின்றபடி நடக்க வேண்டுமா, தரையில் நடக்க வேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்கலாம். எதிராளி எவ்வளவு நன்றாக உதைத்தாலும், முதுகு தரையில் பட்டபின் அந்த உதைக்கு வேலையில்லை. குத்துச்சண்டைக்கு ஊர் மெச்சும் வடசென்னையின் சார்பட்டா, இடியாப்பப் பரம்பரைகளின் வாரிசு ஒருவர் இன்று கூண்டுக்குள் ஏறினாலும், முதல் ஓராண்டு அவர் கற்க வேண்டியது கீழே விழாமல் நிற்பதுதான்.

அகிலன் தானி

உலக அளவில் பேசப்பட்ட தமிழ்ப் பெயர் இத்துறையில் ஒன்று உண்டென்றால், அது மலேசியாவின் அகிலன் தானி. 1995-இல் பிறந்த கோலாலம்பூர்க்காரர். பதின்வயதில் மிகவும் பருத்திருந்தவர். எடை குறைக்கத்தான் பயிற்சிக்குப் போனார். அங்கே ஆட்டமே பிடித்துப்போய், கோலாலம்பூரின் மொனார்க்கி எம்.எம்.ஏ. ஜிம்மின் வீரராக வளர்ந்தார். கூண்டில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் 'அலிகேட்டர்'.

அவர் ஆடிய களம், 2011-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஒன் சாம்பியன்ஷிப். ஆசிய வீரர்களுக்கு அமெரிக்கா போகாமலே பெரிய மேடை ஒன்றை இது தந்தது. 2017 மே 26 அன்று சிங்கப்பூர் உள்ளரங்கில், வெல்டர்வெயிட் பட்டத்துக்கு அவர் பென் ஆஸ்க்ரனை எதிர்கொண்டார். அகிலனுக்கு அப்போது 21 வயது. தொழில்முறையில் தோல்வியே கண்டதில்லை. ஆஸ்க்ரனும் தோற்காதவர். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் இருமுறை தேசிய வாகையர், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடியவர். அவர் என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்: காலைப் பிடிப்பார், கீழே தள்ளுவார், மேலே ஏறி உட்காருவார். தெரிந்திருந்தும் தடுக்க முடியாததுதான் அவருடைய பெருமை.

முதல் சுற்றின் 2 நிமிடம் 20 விநாடியில் ஆஸ்க்ரன் ஆட்டத்தை வென்று முடித்தார். முடித்த பூட்டு, எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து அணைத்து இறுக்குவது. மாட்டிக்கொண்டவரின் சொந்தத் தோளே கழுத்தின் ஒரு பக்கத்து ரத்தக்குழாயை அழுத்தும். மறுபக்கத்தை இறுக்குபவரின் கை அழுத்தும். மூச்சு முட்டுவதற்கு முன்பே மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கண் இருட்டும். பூட்டு முழுதாக இறுகிவிட்டால் மிஞ்சும் வழி கையால் தட்டுவது. தட்டுவதை அவமானமாக நினைக்காமலிருக்கப் பழகுவதே இத்துறையில் நல்ல பயிற்சியாளர் முதலில் கற்றுத்தரும் பாடம்; தட்டாதவர் மயங்குவார், கைப்பூட்டாக இருந்தால் மூட்டு போகும்.

அதன்பின் அகிலனுக்கு வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வந்தன. 2019 ஜூன் 15 அன்று ஷாங்காயில் கிடைத்த வெற்றி அவர் பெயரை ஜப்பான், கொரிய ரசிகர்களிடமும் கொண்டுபோனது. எதிரே நின்றவர் ஜூடோவில் பெயர்பெற்று, யு.எஃப்.சி.யிலும் ஆடி, ஏறத்தாழ மூன்றரை ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்பிவந்த யோஷிஹிரோ அகியாமா. 43 வயது. மூன்று சுற்றும் முழுதாக நடந்து, நடுவர்கள் ஒருமனதாக அகிலனுக்குத் தீர்ப்பளித்தார்கள். வயதானவரை வென்றதில் என்ன பெரிது என்று கேட்கலாம். அதே அகியாமா 2022 மார்ச்சில், 46 வயதில், ஜப்பானின் ஷின்யா அவோக்கியை அடித்து வீழ்த்தினார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆஸ்க்ரன் 2018-இல் யு.எஃப்.சி.க்குப் போனார். 2019 ஜூலையில் ஹோர்ஹே மாஸ்விதால் பறந்துவந்து முழங்காலால் இடித்ததில் ஐந்தே விநாடியில் வீழ்ந்தார். இந்தத் தொழிலில் பெயரெடுக்க எத்தனை ஆண்டு ஆகும், அது போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு அந்த இரவு போதுமான சான்று.

எடை

வீரரின் நாட்குறிப்பில் அதிக இடம் பிடிப்பது எதிராளி அல்ல, தராசு. யு.எஃப்.சி.யில் லைட்வெயிட் என்றால் 70.3 கிலோ, வெல்டர்வெயிட் 77.1, மிடில்வெயிட் 83.9. எடை பார்ப்பது ஆட்டத்துக்கு முந்தின நாள். அதனால் சாதாரணமாக 84 கிலோ இருப்பவர் 77-க்கு இறங்கி, தராசில் நின்றுவிட்டு, ஒரு நாளுக்குள் திரும்ப ஏறிக்கொள்கிறார். முதலில் உப்பும் சோறும் குறையும். பிறகு நிறையத் தண்ணீர் குடித்து, உடல் அதை வெளியேற்றப் பழகியதும் ஒரேயடியாக நிறுத்துவார்கள். கடைசி இரவு வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை, வியர்வை கொட்ட வைக்கும் பிளாஸ்டிக் உடை. ஏலமலையில் ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்து அறையில் பச்சை ஏலக்காய் ஐந்து கிலோ போட்டால் காய்ந்த காய் ஒரு கிலோதான் தேறும். வீரரும் அப்படித்தான் நீரை இழக்கிறார், ஆனால் மறுநாள் பச்சையாகத் திரும்பி வந்தாக வேண்டும்.

திரும்பி வராதவர்களும் உண்டு. 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக எடை குறைத்துக்கொண்டிருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தார். வயது 21. அதன்பிறகு அந்த நிறுவனம் உடல்நீரை வற்றடித்து எடை குறைப்பதைத் தடை செய்தது. சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து, உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடையை ஏற்கிறார்கள். பிரிவுகளின் வரம்பும் உயர்ந்தது. அங்கே வெல்டர்வெயிட் 83.9 கிலோ. எல்லா நிறுவனங்களும் இதைப் பின்பற்றாதது வெட்கக்கேடு. எடை தவறினால் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் எதிராளிக்குப் போகும் என்பதால், உடம்பு வேண்டாம் என்று சொன்னாலும் வீரர் தொட்டியை விட்டு எழுவதில்லை.

கூலி

ஊதியம் இரண்டு பகுதி. கூண்டில் ஏறுவதற்கு ஒரு தொகை. வென்றால் அதே அளவு இன்னொரு தொகை. யு.எஃப்.சி.யில் புதிதாக நுழைபவருக்கு நெடுங்காலம் 10,000 டாலரும், வென்றால் மேலும் 10,000-மும் வழக்கமாக இருந்தது. இதில் மேலாளர், பயிற்சியாளர், ஜிம், உடன் வரும் உதவியாளர்களின் செலவு, வரி எல்லாம் கழியும். நடுவர்களின் தீர்ப்பு ஒரு புள்ளி மாறினால் பாதிப் பணம் காணாமல் போகும். வீரர்கள் ஊழியர்களாக அல்லாமல் ஒப்பந்தக்காரர்களாகக் கருதப்படுவதால் மாதச் சம்பளம் கிடையாது. தங்கள் ஊதியத்தை நிறுவனம் அமுக்கி வைத்தது என்று முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில், 2010 முதல் 2017 வரை ஆடியவர்களுக்காக 375 மில்லியன் டாலர் தர யு.எஃப்.சி.யின் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2025-இல் நீதிமன்றம் அதற்கு இறுதி ஒப்புதல் அளித்தது.

அடிபட்டு மயங்கியவருக்கு மருத்துவத் தடை உண்டு. குறிப்பிட்ட நாட்கள் ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டைகூடச் செய்யக்கூடாது. மூளையில் படிப்படியாகச் சேரும் சேதம் வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். 2016-இல் சாலை விபத்தில் இறந்த அமெரிக்க வீரர் ஜோர்டன் பார்சன்ஸின் மூளையில் அத்தகைய சேதம் இருந்தது ஆய்வில் வெளியானது. அவருக்கு வயது 25. அடி வாங்குவது போட்டியைவிடப் பயிற்சியில்தான் அதிகம் என்பதால், பல ஜிம்களில் முழு வேக ஸ்பாரிங்கைக் குறைத்துவிட்டார்கள்.

இந்தியர்கள்

2012-இல் ராஜ் குந்த்ராவும் சஞ்சய் தத்தும் மும்பையில் தொடங்கிய சூப்பர் ஃபைட் லீக், பிறகு ஷெராஃப் குடும்பத்தின் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் என்று உள்நாட்டு மேடைகள் சில வந்தன. யு.எஃப்.சி.யில் ஆடிய முதல் இந்தியர் மகாராஷ்டிரத்தின் பரத் கந்தாரே. 2017 நவம்பரில் ஷாங்காயில் சோங் யாடோங்கிடம் முதல் சுற்றிலேயே கழுத்துப் பூட்டில் தோற்றார். 2021 மே மாதம் கனடாவாழ் பஞ்சாபியரான அர்ஜன் புல்லர், பிராண்டன் வேராவை வீழ்த்தி ஒன் சாம்பியன்ஷிப்பின் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தார்.

அன்ஷுல் ஜூப்லி 2023 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ஜெக்கா சராகியை வென்று, ஆசிய வீரர்களுக்கான தேர்வுத் தொடரின் வழியே யு.எஃப்.சி. ஒப்பந்தம் பெற்றார். அமெரிக்காவில் சனி இரவு நடக்கும் ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை. அன்று இட்லித் தட்டோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் மைக் பிரீடனிடம், முன்னிலையில் இருந்தபோதே மூன்றாம் சுற்றில் வீழ்ந்தார். 2025 பிப்ரவரியில் சிட்னியில் 19 விநாடியிலேயே தோற்றார். பூஜா தோமர் 2024 ஜூன் 8 அன்று லூயிவில்லில் ரயானே தோஸ் சாந்தோஸை வென்று, யு.எஃப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். மூன்று நடுவர்களில் இருவர் மட்டுமே அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோல் உரிமம் தரும், மருத்துவத் தடை விதிக்கும் அரசு ஆணையம் இந்தியாவில் இல்லை. இதனால் உள்ளூர்ப் போட்டிகளின் தரம் நடத்துபவரின் மனசாட்சியைப் பொறுத்தது. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டியில் எம்.எம்.ஏ. சேர்க்கப்படுவதாக 2025-இல் அறிவிப்பு வந்தது.

போடியும் ஏலமலைச் சரிவும்

சிற்றூரிலிருந்து இத்துறைக்கு வர நினைப்பவருக்கு என்ன கிடைக்கும்? ஏலமலை அடிவாரத்துப் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் இளைஞரின் கைக்கு முதலில் வருவது கம்புதான். சிலம்பத்தில் தூரத்தை அளந்து நிற்பதும், எடை மாற்றி அடி வைப்பதும், எதிராளியின் தோளைப் பார்த்து வீச்சை ஊகிப்பதும் கூண்டுக்குள் நேரடியாகப் பயன்படும். குத்துவரிசையில் பூட்டும் பிரிப்பும் உண்டு. இல்லாதது, முதுகு தரையில் பட்டபின் என்ன செய்வது என்பது. அதற்கு மல்யுத்தமோ ஜூடோவோ ஜியு-ஜிட்சுவோ தனியாகக் கற்றாக வேண்டும். தனியாளாகக் கற்கவும் முடியாது, ஏறத்தாழ ஒரே எடையில் கூட்டாளி வேண்டும். பெரிய நகரத்து ஜிம்மைத் தேடிப் போவதற்கு முக்கியக் காரணம் கருவியல்ல, இந்தக் கூட்டாளிகள்.

மலை ஓட்டத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். மேலே காற்று மெல்லியது, அதனால் மூச்சு வலுக்கும் என்பார்கள். உயரப் பயிற்சி ரத்தத்தில் மாற்றம் செய்ய பொதுவாக 2,000 மீட்டர் உயரத்தில் வாரக்கணக்கில் தங்க வேண்டும். போடிமெட்டு அவ்வளவு உயரமில்லை. பலன் வருவது சரிவிலிருந்து. ஏற்றத்தில் ஓடும்போது தொடையும் இடுப்பும் சமதளத்தைவிடக் கூடுதலாக உழைக்கின்றன, பாதம் தரையில் மோதும் வேகமோ குறைவு. இறங்கும்போது நிலைமை தலைகீழ். முழங்கால் வாங்கும் அடி அதிகம். விவரமறிந்தவர்கள் ஏற்றத்தை ஓடிவிட்டு, இறக்கத்துக்கு வண்டி பிடிக்கிறார்கள். விடியுமுன் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் அதே சாலையில் விரைவதால், வளைவுகளில் மலைப்பக்கம் ஒட்டியே ஓட வேண்டும்.

நகரத்து ஜிம்முக்குப் போக வழியும் உண்டு: 2010 இறுதியில் அகலப் பாதைப் பணிக்காக நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 முதல் போடிக்கு மீண்டும் வருகிறது. சென்னை சென்ட்ரலுக்கு வாரம் மூன்று நாள் விரைவு வண்டி. ஆனால் சிலம்பத்துக்குத் தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் இடம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் அது காட்சி விளையாட்டாகவும் இருந்தது. கம்பைக் கீழே வைத்துவிட்டு அந்த ரயிலில் ஏறச் சொல்லும் வாத்தியார்கள் இதனால் குறைவு. பெரும்பாலோர் சிலம்பச் சான்றிதழை முதலில் வாங்கிக்கொள், பிறகு பார்ப்போம் என்பார்கள். அந்த யோசனையில் தவறு காண்பது கடினம்.