வாப்பாவின் வீடு என்று எழுதிய பிழை

மருதமுனையில் எங்கள் பழைய வீட்டை அளந்து வரையத் தொடங்கிய நாளில், குறிப்புப் புத்தகத்தின் தலையில் நான் எழுதிய முதல் வரி: "வாப்பாவின் வீடு". எழுதும்போது உறுத்தவில்லை. அயலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ராத்தா பெட்டகத்திலிருந்து உறுதிகளை எடுத்துத் தந்த பிறகுதான் அந்த வரியை வெட்ட வேண்டி வந்தது.

மூன்று உறுதிகள். 1938 இல் உம்மம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. 1961 இல் உம்மம்மா என் உம்மாவுக்குக் கொடுத்தது. 1986 இல் உம்மா ராத்தாவுக்குக் கொடுத்தது. மூன்றும் கலியாணத்தை ஒட்டி எழுதப்பட்ட நன்கொடை உறுதிகள். வாப்பாவின் பெயர் கடைசி உறுதியில் மட்டும் வருகிறது, அதுவும் சாட்சியாக.

மூன்றிலும் "மீளப் பெற முடியாத" என்ற சொல் இருக்கிறது. இதை நொத்தாரிசின் வெறும் சொல்லலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அப்படி எழுதாத நன்கொடை மீளப் பெற முடியாதது ஆகாது. வாழும் காலத்திலேயே மகளுக்குக் கொடுத்துவிட்டதால், பெற்றோர் மௌத்தான பின் பிரிக்கும் சொத்தில் வீடு சேர்வதில்லை. வயலும் தோட்டமும் பங்குக்குப் போயின, வீடு போகவில்லை.

உறுதியைப் படித்த பிறகுதான் கட்டடமும் எனக்கு விளங்கியது. முன்னால் விறாந்தை, அதன் ஒரு பக்கம் தறிக் கொட்டில். நடுவே மண்டபம், அதை ஒட்டி ஓர் அறை. கலியாணம் முடித்து வரும் மாப்பிள்ளைக்கு அந்த அறை. பெற்றோர் பின்பக்கச் சாய்ப்புக்கு மாறிவிடுவார்கள். 1986 இல் உம்மாவும் வாப்பாவும் அப்படித்தான் பாயையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். குசினி தனியாக, கிணற்றை நோக்கி. அந்தக் கிணறோ எங்கள் வளவுக்கும் சாச்சியின் வளவுக்கும் நடு எல்லையில் இருக்கிறது. சின்ன வயதில், வேலியைக் கோணலாகப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். 1961 உறுதியில் "கிணற்றில் அரைப்பங்கும் வழி வாய்க்காலும்" என்று இருக்கிறது. ஒரே வளவை இரண்டு மகள்மாருக்குப் பிரித்தபோது கிணற்றையும் பாதியாக்கியிருக்கிறார்கள். வேலியில் இருந்த பொட்டு வழியாக உம்மாவும் சாச்சியும் தெருவில் இறங்காமலே போய் வந்தார்கள்.

இது எங்கள் குடும்பத்து வழக்கம் மட்டுமல்ல. குடி தாய்வழியில் வருவதும், மகளுக்கு வீடு கொடுப்பதும் கிழக்கில் முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் பொதுவானவை. அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். இதைப் பெருமையாக மட்டும் பேசவும் எனக்கு மனமில்லை. ராத்தாவின் மண்டபத்துக்கு ஓடு போடக் காக்கா எட்டு வருடம் குவைத்தில் கிடந்தார். வீடு கட்ட முடியாத வாப்பாமாரின் மகள்மார் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதும் இந்த வரலாற்றில் சேர வேண்டியதே.

ஆனால் உறுதி எழுதும் இடத்தில் ஊர் அறிந்திருந்ததை, பட்டியல் எழுதும் இடம் அறிந்திருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 இல் சாச்சியின் இளைய மகளின் சீதன வீடு கடலோடு போயிற்று. உறுதியும் போயிற்று. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். மாற்று வீட்டுக்கான படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மச்சானின் பெயரை நிரப்பியது வேறு யாருமல்ல, நான்தான். படிவம் கேட்டது, எழுதினேன். புதிய வீட்டின் பத்திரமும் அவர் பெயரிலேயே வந்தது. ஐந்தாறு வருடத்தில் அவர்கள் பிரிந்தபோது, தாய் கொடுத்த வீட்டுக்கு ஈடாக வந்த வீட்டிலிருந்து அவள்தான் இறங்கி வந்தாள், இரண்டு பிள்ளைகளோடு, ராத்தாவின் பின்பக்கச் சாய்ப்புக்கு.

அரச காணிகளின் கதையும் இப்படித்தான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரித்து அட்டவணை மகனையே முன்னால் வைத்திருந்தது. அது 2022 இல்தான் திருத்தப்பட்டது.

வருகிற நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எங்கள் வீட்டை இடிக்கப் போகிறார்கள். ராத்தாவின் மகளுக்கு அங்கே மாடி வீடு வருகிறது. இடிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரித்தில்லை. கதவு நிலைகளின் அளவு, ஓட்டின் வகை, கூரையின் சரிவு எல்லாம் எடுத்துவிட்டேன். வரைபடத்தின் மேல் இப்போது நான்கு பெயர்கள் இருக்கின்றன, நான்கும் பெண்களுடையவை. ராத்தா பார்த்துவிட்டு, கிணற்றடியில் சாச்சியின் பெயரை விட்டுவிட்டாய் என்றார்.